ஒரு பக்கம் பிந்தி வருது

நம்மூரில் அதற்குப் பெயர் சைலன்சர். அமெரிக்காவில் மஃப்ளர் என்பார்கள். சத்தத்தை அடக்கு, சத்தத்தைப் பொத்து என்று இரண்டு பெயரும் ஒரே வேலையைத்தான் சொல்கின்றன. ஆனால் ஒருவர் ‘சைலன்சரை மாத்தப் போறேன்’ என்று சொன்னால், இன்னும் கொஞ்சம் அமைதியான ஒன்றைத் தேடுகிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பறிமுதல் செய்த சைலன்சர்களைத் தரையில் வரிசையாக அடுக்கி, மேலே ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் போலீஸ் வீடியோக்கள் ஊரிலிருந்து வாட்ஸப்பில் வந்தபடியே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் எனக்கு இரண்டு பக்கமும் பரிதாபமாக இருக்கும்.

போன வருடம் நான்கு மாதம் நானும் ஒரு சைலன்சர் தேடிக்கொண்டிருந்தேன். என்னுடையது 2018ஆம் வருடத்து சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். ஃப்ரீமான்ட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், 268 குதிரைத்திறன், கையால் போட வேண்டிய ஆறு கியர். பார்ப்பதற்கு ஒரு கணக்கு வாத்தியாரின் கார் மாதிரிதான் இருக்கும். பானட்டில் மட்டும் காற்றுக்காக ஒரு மூக்குத்துவாரம். ஓட்டினால் முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்தும். எல்லாம் சரி, சத்தம்தான் இல்லை. மூன்றாவது வீட்டில் யாரோ மிக்ஸி போட்ட மாதிரி ஒரு சத்தம்.

சுபாருவின் சத்தத்தை நான் முதலில் கேட்டது காரிலிருந்து அல்ல. சோமனூரில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் 1998இல் வந்த ‘காலின் மெக்ரே ரேலி’ விளையாட்டு ஏற்றியிருந்தார்கள். மெக்ரே 1995இல் உலக ரேலி சாம்பியன் ஆனதும் இம்ப்ரெசா என்ற நீல நிற சுபாருவில்தான். மஞ்சள் எழுத்தில் 555 என்று எழுதி, தங்க நிற வீல் போட்ட வண்டி. அது ஒரு சிகரெட் பிராண்டு என்று எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து. கைக்கு அடக்கமான இரண்டு ஸ்பீக்கர்களில் அந்தக் கார் தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி உறுமும். பொறியியல் படித்து, சென்னையில் வேலை பார்த்து, இங்கே வந்து, கடன் எல்லாம் அடைத்து, கடைசியில் ஒரு சுபாருவை வாங்கிச் சாவியைத் திருகினால் மிக்ஸி.

காரணத்தைத் தேடியபோதுதான் விஷயம் சுவாரசியமாக ஆனது.

சுபாருவின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் நிற்பதில்லை, படுத்திருக்கும். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு, நடுவில் கிராங்க். பாக்ஸர் எஞ்சின் என்று பெயர். வெடிப்பு வரிசை 1-3-2-4. ஒன்றும் மூன்றும் வலப்பக்கம், இரண்டும் நான்கும் இடப்பக்கம். அதாவது ஒரு பக்கம் இரண்டு அடி, அடுத்த பக்கம் இரண்டு அடி. பழைய டர்போ சுபாருக்களிலும், அமெரிக்காவில் 2021 வரை விற்ற எஸ்.டி.ஐ. மாடலிலும், டர்போ எஞ்சினின் வலப்பக்கமாக உட்கார்ந்திருக்கும். வலப்பக்கச் சிலிண்டர்களின் புகை சட்டென்று டர்போவுக்குப் போய்விடும். இடப்பக்கத்துப் புகை எஞ்சினுக்கு அடியில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நான்கு வெடிப்பும் சம இடைவெளியில்தான் நடக்கிறது. ஆனால் குழாயின் நீளம் சமமாக இல்லாததால் இரண்டு வெடிப்பின் சத்தம் நேரத்துக்கும், இரண்டின் சத்தம் பிந்தியும் வந்து சேரும். அந்தப் பிந்தலைத்தான் உலகம் முழுக்க ‘சுபாரு உறுமல்’ என்று கொண்டாடுகிறார்கள்.

என் காரின் எஞ்சின் புதிய தலைமுறை. டர்போவை எஞ்சினுக்கு முன்னால் கீழே கொண்டுவந்து, குழாய்களை ஏறக்குறைய சம நீளத்துக்கு ஆக்கி, டர்போவின் வாயையும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் புகையோடு மோதுவதில்லை. டர்போ சீக்கிரம் சுழல்கிறது. எல்லா வகையிலும் நல்ல வடிவமைப்பு. உறுமல் மட்டும் போய்விட்டது. ஏனென்றால் உறுமல் என்பதே ஒரு குறையின் சத்தம். பொறியாளர்கள் பல வருடம் உழைத்துக் குறையைச் சரிசெய்தார்கள். ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

இதற்கும் சந்தையில் தீர்வு இருக்கிறது. நீளம் வேறுவேறாக உள்ள குழாய்த்தொகுதியை வாங்கி என் காரில் மாட்டலாம். டர்போ மெதுவாகும், உறுமல் வரும். நல்ல எஞ்சினைக் காசு கொடுத்துக் கொஞ்சம் கெடுப்பது. சிரிக்காதீர்கள், நான் இதைப் பற்றி மூன்று வாரம் யோசித்தேன். கலிஃபோர்னியாவில் வினையூக்கிக்கு முன்னால் இருக்கும் எந்தக் குழாயை மாற்றினாலும், அந்தப் பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியத்தின் உத்தரவு எண் இருக்க வேண்டும். போதாததற்கு 2021 ஜூலையிலிருந்து புகைப் பரிசோதனையில் எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளையும் சரிபார்க்கிறார்கள். தொழிற்சாலை கொடுத்த மென்பொருளா, யாராவது கைவைத்ததா என்று ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபீஸில் தினமும் நான் செய்கிற வேலைதான் அது. அதை ஏமாற்ற வழி தேட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே வினையூக்கிக்குப் பின்னால் இருக்கும் பகுதி மட்டும்தான் என் விளையாட்டு மைதானம். கேட்-பேக் என்பார்கள். வினையூக்கியிலிருந்து பம்பர் வரை நடுக்குழாய், ரெசொனேட்டர், இரண்டு சைலன்சர், நான்கு வாய். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றலாம். இன்னும் மலிவு, சைலன்சரையே வெட்டிவிட்டு வெறும் குழாயை வைப்பது. அப்படிச் செய்த வண்டி போகும்போது உங்களுக்குத் தெரியும். ரசனை வேறு, வாயில் விரல் வைத்து விசில் அடிப்பது வேறு.

விளம்பரங்கள் முதலில் குதிரைத்திறனைப் பற்றித்தான் பேசும். இந்தக் குழாயைப் போட்டால் ஐந்து கூடும், பத்து கூடும் என்று. தொழிற்சாலை மென்பொருளோடு ஓடும் என் மாதிரிக் காரில் உண்மையான அடைப்பு வினையூக்கியில் இருக்கிறது. அதற்குப் பின்னால் எவ்வளவு அகலமான குழாய் போட்டாலும், ஒரு ஆளைக் காரிலிருந்து இறக்கிவிட்டால் கிடைக்கும் வித்தியாசத்தைத் தாண்டாது. ‘எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிர் அழுத்தம் வேணும்’ என்று இன்னொரு கூட்டம் சொல்லும். டர்போ காரில் டர்போவைத் தாண்டிய பிறகு அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, அவ்வளவுதான். எடை குறையும் என்பது மட்டும் நிஜம். டோமே என்ற ஜப்பானியக் கம்பெனியின் டைட்டானியம் குழாயை நண்பனின் ஷெட்டில் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன். அண்டா என்று நினைத்துத் தூக்கினால் டம்ளர்.

உலோகத்தில் மற்றவை இரண்டு வகை. 409 ரக ஸ்டீல், 304 ரக ஸ்டீல். 304 என்றால் பதினெட்டு பங்கு குரோமியம், எட்டு பங்கு நிக்கல். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தின் கணக்கும் இதுதான். கோவையில் பாத்திரக் கடையில் அம்மா காந்தத்தை வைத்துப் பார்ப்பார், ஒட்டினால் வாங்க மாட்டார். 409இல் காந்தம் ஒட்டும், மேலாக்கத் துருவும் பிடிக்கும். 304இல் ஒட்டாது. சாக்ரமென்டோவில் பழைய குழாய் ஒன்றை விற்ற ஆளிடம் நான் பையிலிருந்து காந்தத்தை எடுத்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

எடை, உலோகம், பளபளப்பு எல்லாம் போக, நேர்மையாகச் சொன்னால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். வாங்குவது சத்தம். இதை ஒப்புக்கொண்டால் தேர்வு எளிதாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. காரில் வேறு எதை மாற்றினாலும், சீட்டோ ஸ்டியரிங்கோ, அது என் பாடு. சத்தம் மட்டும் என் காரை விட்டு வெளியே போய் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறது.

முதலில் உள்ளேயே நடக்கும் தொல்லை. ட்ரோன் என்பார்கள். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மண்டைக்குள் வரும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 2500 சுற்று என்றால் நொடிக்கு 83 வெடிப்பு, 83 ஹெர்ட்ஸ். காருக்குள் அடைபட்ட காற்றுக்கு அது பிடித்த ஸ்வரமாக இருந்துவிட்டால் கதை முடிந்தது. இதைக் கொல்ல ஒரு அழகான வழி இருக்கிறது. பிரதான குழாயிலிருந்து முட்டுச்சந்து மாதிரி ஒரு கிளைக் குழாய் விட்டு, முனையை அடைத்துவிட வேண்டும். உள்ளே போன அலை முட்டிக்கொண்டு திரும்பி வரும்போது பிரதான அலைக்கு நேர் எதிராக வந்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் போதும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும், 300 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர். அதை 83ஆல் வகுத்து நான்கால் வகுத்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பின்னிரவு ஒரு மணிக்கு இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் சம்பள உயர்வுக்குக்கூட வந்ததில்லை. கல்லூரியில் இதே சமன்பாட்டைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். அப்போது அதற்கு ஒரு சத்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், கலிஃபோர்னியாவில் கார்களுக்கு எல்லை 95 டெசிபல். குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. முன்பெல்லாம் பிடிபட்டால் சரிசெய்து காட்டிவிட்டுத் தப்பிக்கலாம். 2019 ஜனவரியில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு நேராக அபராதம் என்றார்கள். நல்ல கேட்-பேக் எல்லாம் இந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் அந்த மீட்டர் மனிதக் காதைப் பாவித்து அளக்கும் மீட்டர். நம் காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்கள் மந்தமாகக் கேட்பதால் அவற்றைக் கழித்துக் கணக்கிடும். 83 ஹெர்ட்ஸில் சுமார் 22 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். அந்தத் தள்ளுபடி மீட்டருக்குத்தான், சுவருக்குக் கிடையாது. கீச்சுச் சத்தத்தைத் தடுக்கும் ஜன்னல் கண்ணாடி உறுமலை உள்ளே விட்டுவிடும். சட்டப்படி சுத்தமான ஒரு கார் அடுத்த வீட்டுக் கட்டிலை அதிர வைக்கலாம்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் கார் நிறுத்தும் கொட்டகைக்கு நேர் மேலே ஒரு செவிலியர் இருக்கிறார். இரவு ஷிஃப்ட். காலை எட்டு மணிக்கு வருவார், ஒன்பதுக்குத் தூங்கிவிடுவார். நான் ஆபீஸ் கிளம்புவது ஒன்பதரைக்கு. இந்தக் காலத்து எஞ்சின்கள் குளிர்ந்த நிலையில் உயிர்பெறும்போதுதான் அதிகம் கத்தும். வினையூக்கியைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, சுற்றைக் கூட்டி, வேண்டுமென்றே சூடான புகையை வெளியே தள்ளும். நகரத்துக் காற்றுக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த ஒரு நிமிடச் சத்தம் அவருடைய தூக்கத்தின் முதல் அரைமணி நேரத்துக்குள் விழும்.

இந்தச் சமயத்தில்தான் அப்பா வந்தார். ஆறு மாத விசா.

அப்பா சோமனூரில் தறி ஓட்டியவர். பன்னிரண்டு விசைத்தறி. பாவும் நூலும் வியாபாரி கொடுப்பார், கூலிக்கு நெய்து கொடுக்க வேண்டும். வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவே ஒரே சுவர். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபடும் சத்தம், நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை, பன்னிரண்டு தறியிலும், ஒன்றோடொன்று சேராமல். நாங்கள் அதில்தான் தூங்கினோம். கரண்ட் போனால் விழித்துக்கொள்வோம். அப்பாவுக்கு அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தறி நின்றாலும் தெரிந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ‘ஏழு நின்னுபோச்சு’ என்று எழுந்து போவார். போய்ப் பார்த்தால் ஏழாவது தறியில் ஊடை அறுந்திருக்கும். கூலி கட்டாமல் போய், ஒவ்வொன்றாக எடைக்குப் போட்டு, கடைசியில் குடோனை வாடகைக்கு விட்டுவிட்டார்.

முப்பத்தைந்து வருடத் தறிச் சத்தம் எங்கே போகும்? காதில்தான் இருக்கிறது. கோவையில் எடுத்த பரிசோதனையின் வரைபடம் என் போனில் இருக்கிறது. தாழ்ந்த ஸ்வரங்கள் வரை கோடு ஓரளவு ஒழுங்காகப் போய், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் காது முதலில் கெடுகிற இடம் அதுதான். கொசு கேட்காது, குக்கர் விசில் கேட்காது. பேச்சு கேட்கும், ஆனால் ச, ஸ, த எல்லாம் கரைந்து வெறும் உயிரெழுத்தாகக் கேட்கும். ‘எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க’ என்பார். காது மெஷின் பெட்டிக்குள் இருக்கிறது. ‘அதைப் போட்டா எல்லாமே தகரத்துல கொட்டுன மாதிரி இருக்குது கண்ணு.’

ஒரு சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு சுபாருக்காரர்கள் கூடும் இடத்துக்குப் போனேன். மூடிக் கிடக்கும் ஒரு கடையின் பார்க்கிங். வீடியோவில் கேட்டு சைலன்சர் வாங்கக்கூடாது, அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். போன் மைக் தாழ்ந்த ஸ்வரத்தைப் பிடிக்காது. சத்தம் கூடினால் தானே குறைத்துக்கொள்ளும். எல்லா வண்டியும் ஒரே மாதிரிக் கேட்கும். நேரில் நின்று கேட்க வேண்டும். அங்கே ஒரு நண்பனின் எஸ்.டி.ஐ. நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய எஞ்சின், நீளம் வேறுவேறான குழாய்கள், அசல் உறுமல். நான் பிரவுசிங் சென்டரில் கேட்டது. எனக்குக் கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“ஏங்கண்ணு, இது சரியா ஓடலையே. ஒரு பக்கம் பிந்தி வருது.”

நண்பனுக்குத் தமிழ் தெரியாது. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டான். உன் கார் ரிப்பேர் என்கிறார் என்றேன். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் ஒரு டிஷ்யூ பேப்பரில் எஞ்சினை வரைந்து, வலப்பக்கம் குட்டை, இடப்பக்கம் நெட்டை என்று அப்பாவுக்குக் காட்டினேன். எனக்கு இது புரிய மூன்று வாரம் படிக்க வேண்டியிருந்தது. அவர் உள்ளங்கையை வைத்து அரை நிமிடம் நின்றார், அவ்வளவுதான்.

“பிந்தி வருதுன்னு தெரிஞ்சேதான் வெச்சிருக்காங்களா?”

“தெரிஞ்சேதானுங்கப்பா. அந்தச் சத்தத்துக்குத்தான் காசே.”

“எவ்வளவு?”

“பின்னாடி குழாய் மட்டும் ஆயிரத்து இருநூறு டாலர் ஆகும்.”

மனசுக்குள் ரூபாயாக மாற்றினார். முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவது தெரிந்தது. “சத்தந்தான் வேணும்னா ஊர்லயே இருந்திருக்கலாமே” என்றார்.

அதில் குத்தல் இல்லை, நிஜமாகவே அவருக்கு ஆச்சரியம். நான்தான் வீடு வரும் வரை அதை வைத்துக்கொண்டு வந்தேன். சத்தத்தைத் தாங்கிக்கொள்வதற்கு அவருக்குக் கூலி கொடுத்தார்கள், அதிலும் சரியாகக் கொடுக்கவில்லை. நான் சத்தத்துக்குக் கூலி கொடுக்கப் போகிறேன். வேண்டிக் கேட்பதும் வேறு வழியில்லாமல் கேட்பதும் ஒரே டெசிபலாக இருந்தாலும் ஒன்றல்ல என்று வாதம் செய்யலாம். நானே எனக்குள் செய்தேன். மேல் வீட்டுச் செவிலியரைப் பொறுத்தவரை நான் இரண்டாவது வகை என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

அடுத்த இரண்டு வாரம், மூன்று கார்களில் அப்பாவும் நானும் ஏறினோம். என்னுடையதைப் போன்ற டபிள்யூ.ஆர்.எக்ஸ்., வேறுவேறு கேட்-பேக். என் காரில்தான் அப்பா பேசுவார். வீட்டில் டீவி, பேரப்பிள்ளை, மருமகள். காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இறங்கியும் போக முடியாது. சின்ன வயதில் பேசாத பலதை அந்தக் கோடையில் 880ஆம் நெடுஞ்சாலையில்தான் பேசினோம். அம்மா இறந்த பிறகு அவர் ஏன் ஒரு வருடம் தறியை ஓட்டவில்லை என்பது எனக்கு யூனியன் சிட்டியைத் தாண்டும்போதுதான் தெரிந்தது.

இரண்டாவதாக ஏறிய கார் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரெசொனேட்டர் இல்லாத நேர்க்குழாய், சத்தத்தில் ஒரு கரகரப்பு. பாட்டுப் பாடத் தெரிந்த ரவுடி. அதன் சொந்தக்காரன் ஓட்ட, அப்பா முன்னால், நான் பின்னால். 65 மைல் வேகம் வந்ததும் அந்த ‘ம்ம்ம்’ எழுந்தது. எனக்குத் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. “அப்பா, பசிக்குதுங்களா?” என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். “இட்லி சாப்பிடலாமா, இல்ல வீட்டுக்கே போயிரலாமா?” என்றேன். அதற்கும் தலையாட்டினார், சிரித்தபடி.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்திலும் வங்கியிலும் அவர் தலையாட்டுவது அப்படித்தான். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார்.

தாழ்ந்த ஸ்வரம் பலமாக இருந்தால் தனக்கு மேலே உள்ள ஸ்வரங்களை மூடிவிடும், மேலே உள்ளது கீழே உள்ளதை அவ்வளவாக மூடாது. காதின் அமைப்பு அப்படி. அப்பாவுக்கு மேலே இருந்ததைத் தறி எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த கீழ்ப்பகுதியில்தான் என் பேச்சின் பாதியை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். என் 83 ஹெர்ட்ஸ் அதன் மேல் கம்பளியைப் போர்த்திவிட்டது.

மூன்றாவது கார் இன்விடியா கம்பெனியின் க்யூ300. அமைதியான கேட்-பேக் என்று பேர் எடுத்தது. சுபாரு வட்டாரத்தில் அதற்கு ‘அங்கிள் சைலன்சர்’ மாதிரி ஒரு மரியாதைதான். நின்ற இடத்தில் ஒரு கனமான சத்தம், அடிவயிற்றிலிருந்து. மிதித்தால் எழும், விட்டால் அடங்கும். நெடுஞ்சாலையில் ஏறிச் சீரான வேகம் வந்ததும் சத்தம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. “அப்பா, ஊர்ல மழைங்களா?” என்றேன். “சித்தப்பன் காலைல கூப்பிட்டான். பல்லடம் வரைக்கும் பேஞ்சுதாம், நம்ம பக்கம் ஒரு சொட்டு இல்ல” என்றார்.

வாங்கிவிட்டேன். செகண்ட் ஹேண்ட், 304 ஸ்டீல், காந்தம் ஒட்டவில்லை. நான் கனவு கண்ட உறுமல் அதில் இல்லை, என் எஞ்சினில் எந்தக் கேட்-பேக்கைப் போட்டாலும் அது வராது. கால் அலைநீளக் கிளைக்குழாய்க்கும் வேலை வரவில்லை. போட்ட கணக்கை நோட்டில் வைத்திருக்கிறேன். செவிலியரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து, கேட்கிறது, ஆனால் எழுப்பவில்லை என்றார். ஆனாலும் ஆபீஸ் நாட்களில் எட்டரைக்கே கிளம்பப் பழகிக்கொண்டேன். எட்டரைக்கு அவர் குளித்துக்கொண்டிருப்பாராம்.

நாளைக்கு இதெல்லாம் பழங்கதை ஆகும் என்று தெரியும். மின்கார்களுக்குக் குழாயே கிடையாது. சத்தத்தை இசையமைப்பாளர்கள் போடுகிறார்கள். பிஎம்டபிள்யூவுக்கு ஹான்ஸ் ஜிம்மர், மகிந்திராவுக்கு நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். டாட்ஜ் கம்பெனி 2022இல் காட்டிய மின்கார் மாதிரியில் 126 டெசிபல் உறுமலை ஸ்பீக்கர் வழியாகக் கொண்டுவந்தார்கள். வெடிப்பும் இல்லை, புகையும் இல்லை, பிந்தி வர ஒரு பக்கமும் இல்லை. ரஹ்மான் போட்டதை இன்னும் நான் நேரில் கேட்கவில்லை. கேட்டால் பிடித்துவிடுமோ என்று ஒரு பயம் இருக்கிறது.

மாட்டும் வேலையை நாங்களே செய்தோம். முந்தின இரவே போல்ட்டுகளில் எண்ணெய் அடித்து ஊறவைக்கச் சொன்னார் அப்பா. காலையில் காரை ஸ்டாண்டில் ஏற்றி, நான் கீழே படுத்துக்கொண்டு ஸ்பேனரைப் பிடிக்க, அவர் தலைமாட்டில் குந்திக்கொண்டு ரப்பர் ஹேங்கரிலிருந்து குழாயைக் கழற்றினார். சோப்புத் தண்ணீர் போட்டால் ரப்பர் வழுக்கிக்கொண்டு வரும் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று மணி நேரம். புது கேஸ்கெட் போட்டு இறுக்கி, ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்பதுதான் வழக்கம். புஸ்ஸென்ற சத்தம் அவருக்குக் கேட்காது. கையை இணைப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காற்று படுகிறதா என்று பார்த்தார். “இங்க இன்னும் அரைச் சுத்து” என்றார். இறுக்கினேன்.

பழைய சைலன்சரைக் குப்பையில் போட வேண்டாம், வண்டியை விற்கும்போது வாங்குகிறவன் கேட்பான் என்று சொல்லிவிட்டு அக்டோபரில் ஊருக்குப் போனார். கொட்டகையின் மூலையில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கிடக்கிறது. பாவு உருளையில் எழுதுவது மாதிரி அதன் மேல் சாக்பீஸால் கழற்றிய தேதியும் மைல் கணக்கும் எழுதி வைத்திருக்கிறார். 61,480.